கூம்பிய கருவிழிகளுக்கு வளையமிட்ட கரங்களுக்கு

கடமையில் கண்ணும், கண்ணில் கருணையும், கருணையில் கண்டிப்பும் கலந்தளித்த பெருந்தகையீர்! வயலோரத்து ஊர்களிலிருந்தும், அலையோரத்துக் குடிகளிலிருந்தும், மலையோரத்து ரப்பர்க் காடுகளிலிருந்தும் மங்கிய விழியோடு வந்த மாணவச் செல்வங்களுக்கெல்லாம் மங்காத துணையாய் நின்ற மாண்பினீர்! எங்கள் கருவிழிச் சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர், டாக்டர் தாணம்மாள் அம்மையீர் அவர்களே! தங்கள் திருமுன் எங்கள் பணிவான வணக்கம்.

இன்று பணிநிறைவு பெறும் தங்களுக்கு இப் பராட்டு மடலை வாசித்தளிப்பதில் எங்கள் பிரிவின் செவிலியர், பார்வைப் பரிசோதகர், அறுவை அரங்கப் பணியாளர், அலுவலகத்தார் அனைவரும் பேருவகை அடைகிறோம். உவகையினும் சற்று மிகுதியாகவே அச்சமும் அடைகிறோம். அச்சத்திற்குக் காரணம் உண்டு. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி பிசகியிருந்தாலும், மேலங்கிப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திருத்திய பின்னரே அடுத்த நோயாளியை அழைப்பவர் தாங்கள். அத்தகைய கண்களின் முன்னே, சீட்டுகளையன்றி வேறெதுவும் எழுதிப் பழகாத கை எழுதிய இந்த நீண்ட மடலில் எத்தனை பிழை எஞ்சியிருக்குமோ! ஒரு பிழையேனும் இருக்கிறது என்பதை மட்டும் இப்போதே பணிவுடன் ஒப்புக்கொள்கிறோம். எஞ்சியவற்றைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

அம்மையீர்! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கள் இந்நகரில் ஆற்றிய பணிகள் பல. கண்புரை நீக்கிய முதியோர் பல்லாயிரவர்; தூசு விழுந்து, துரும்பு தைத்து வந்த தொழிலாளர் எண்ணிலர். எனினும், தங்கள் பெயரைச் சொன்னதும் எங்கள் நினைவில் முதலில் வந்து நிற்பவர்கள் பதின்பருவத்துப் பிள்ளைகளே. கருவிழி மெலிந்து, மெலிந்த இடம் முன்னோக்கிப் பிதுங்கி, உருண்டையாய் இருக்க வேண்டியது கூம்பாய்ச் சரிந்து, ஓர் எழுத்து இரண்டாய், ஒரு நிலவு நான்காய், ஒரு விளக்கு வாலோடும் நிழலோடும் தெரிய, ஆறு மாதத்துக்கு ஒரு கண்ணாடி மாற்றியும் பலனின்றித் தங்களிடம் வந்தவர்கள் அவர்கள். "படிக்கச் சோம்பல்" என்று பள்ளியிலும், "போன் பார்த்துக் கெட்டது" என்று வீட்டிலும் பட்டம் வாங்கிய அப்பிள்ளைகளுக்கு, "இது சோம்பல் அல்ல, நோய், இதற்கு வழி உண்டு" என்று முதன்முதலில் சொன்ன வாய் தங்கள் வாய் ஆகும்.

மடலுக்குரிய மரபு, பேச்சு வழக்கை உள்ளே விடுவதில்லை என்பதை அறிவோம். ஆயினும், தங்கள் வாய்மொழியை நீக்கிவிட்டுத் தங்களை எழுத முயன்றபோது, எழுதிய தாளில் தங்களைக் காணவில்லை. ஆகவே மரபினை மீறியமைக்கு முன்கூட்டியே மன்னிப்பு வேண்டி, தங்கள் சொற்களில் சிலவற்றை உள்ளபடியே இங்கு வைக்கத் துணிகிறோம்.

கண்ணைக் கசக்குவதே இந்நோய்க்கு எண்ணெய் வார்ப்பது என்பது தாங்கள் நாள்தோறும் ஓதிய மந்திரம். தங்கள் அறையின் ஜன்னலுக்கு நேரெதிரே பேருந்து நிறுத்தம். ஒரு மாலை, அங்கே நின்ற பள்ளி மாணவன் ஒருவன் தன் போக்கில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, நோயாளியின் கண்ணில் விளக்கடித்துக்கொண்டிருந்த தாங்கள் அப்படியே எழுந்து, ஜன்னலைத் திறந்து, "ஏலே! கண்ணை விடுலே!" என்று குரல் கொடுத்தீர்கள். அவன் மட்டுமல்ல, நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் கைகளைக் கீழே போட்டார்கள். ஒருவர் பையையும் சேர்த்துப் போட்டார். அந்தப் பையில் முட்டை இருந்ததும், தாங்கள் ஆளனுப்பி அவருக்கு முட்டை வாங்கிக் கொடுத்ததும் இப்பிரிவின் வரலாற்றில் நீங்கா இடம் பெற்றவை.

பிறர் நம்பிக்கையைப் புண்படுத்தாத பண்பு தங்களுடையது. தீராத தலைவலியோடு வந்த மகனுக்காக மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்திருந்த தாய் ஒருவர், கருவிழிக் கூம்பினால் வந்த வலி அது என்று கேட்டதும், "அப்போ நேர்ச்சை வீணாயிருமா டாக்டரம்மா?" என்று கலங்கினார். "ஏன் வீணாவும்? அம்மைக்கு அப்பம் வையுங்க, பையனுக்குச் சொட்டு மருந்து வையுங்க. ரெண்டையும் மாத்தி வச்சிராதீங்க, அம்புட்டுதான்" என்றீர்கள். அத்தாய் சிரித்த சிரிப்பில் பாதி நோய் பறந்தது. மீதியைத் தாங்கள் பார்த்துக்கொண்டீர்கள்.

பொறுமையே தங்கள் கைக்கருவிகளில் கூர்மையானது. கூம்பிய கருவிழிக்குள் மெல்லிய வளையத் துண்டுகளைப் பொருத்தி, அதன் சரிவைத் தணிக்கும் அறுவை இங்கே நடக்கிறது என்று கேள்வியுற்று, வெளிநாட்டில் வேலை பார்க்கும் தந்தையர் பலர் விடுப்பு முடிவதற்குள் பிள்ளைக்கு வளையம் போட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்தியதுண்டு. பதின்பருவத்தில் இந்நோய் வேகமாய் வளரும். வளர்ந்துகொண்டிருக்கும் கூம்பில் வளையம் பொருத்தினால், இன்று பார்த்த அளவு நாளை பொய்யாகும். ஆதலால் முதலில் மருந்தும் புறஊதா ஒளியும் கொண்டு கருவிழியைக் கெட்டிப்படுத்தி, வளர்ச்சி நின்றதென்று உறுதி செய்த பின்னரே வளையம் என்பது தங்கள் கொள்கை. அதைத் தாங்கள் சொன்ன விதமோ, எதிரிலிருந்த பேருந்து நிறுத்தத்திலிருந்தே பிறந்தது: "ஓடுத பஸ்ஸில ஏறப்பிடாது. மொதல்ல நிக்கட்டு. பொறவு ஏறுவோம்."

அம்மையீர்! இனி இம்மடல் ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லும். ஆயிரவருக்கு ஆற்றிய பணியை ஒருவர் வழியே சொல்வது குறையெனில் பொறுத்தருள்க. அப்பிள்ளையின் இசைவையும், தந்தையின் இசைவையும் பெற்ற பின்னரே எழுதுகிறோம். "எழுதுங்க. ஆனா நல்லதா காட்டணும்னு பொய் எழுதாதீங்க" என்பது அவள் விதித்த ஒரே நிபந்தனை.

கீரிப்பாறை அரசு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் ரசலையன் அவர்களின் மகள் ரெனிஷா. பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சபையில், ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவள் அவளே. தெளிந்த குரல், தடுமாறாத நாவு. தோட்டக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண், பீடத்தருகே நின்று வாய் திறந்தால், சபை முழுவதும் அமைதியாய்க் கேட்கும். அந்தச் சில நிமிடங்களே அவளுக்கு அந்த வாரம் முழுவதற்குமான பெருமை. ஆனால் புத்தகப் பக்கத்திலுள்ள எழுத்துகள் அவளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நிழலாடத் தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டில் தம்பியை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பாடம் முழுவதையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு, ஞாயிறன்று திறந்த புத்தகத்தை நோக்கியபடி ஒப்பித்து வந்தாள். ஒருவரும் அறியவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. பழக்குலையும் காய்கறியும் பீடத்தின் முன் குவிந்திருந்த அந்த ஞாயிறன்று, போதகர் கடைசி நேரத்தில் பாடத்தை மாற்றி, வேறொரு சங்கீதத்தை அறிவித்தார். ரெனிஷா புத்தகத்தைத் திறந்தாள். அறிவிக்கப்பட்ட பக்கத்தையே திறந்தாள். அதைப் பார்த்தபடியே, முந்தைய நாள் மனத்தில் ஏற்றி வைத்திருந்த வேறொரு பாடத்தை, ஒரு சொல் பிசகாமல், இனிய குரலில் ஒப்பித்தாள். சபையார் பக்கங்களைப் புரட்டினார்கள், மறுபடியும் புரட்டினார்கள், கடைசியில் அவளை ஏறிட்டுப் பார்த்தார்கள். பக்கம் புரளும் அந்த ஓசையில்தான் தான் பிடிபட்டதை அவள் உணர்ந்தாள்.

அடுத்த வாரமே தந்தை அவளை நம்மிடம் அழைத்து வந்தார். இங்கும் அவள் தன் கலையைக் கைவிடவில்லை. பரிசோதனை அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் அமர்ந்து, உள்ளே ஒவ்வொருவராய் எழுத்துப் பலகையை உரக்க வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் முறை வந்தபோது, மேல் வரி முதல் கீழ் வரி வரை கடகடவென்று சொல்லி முடித்தாள். எங்கள் பார்வைப் பரிசோதகர் வினோஜ் மகிழ்ந்து, "டாக்டர், இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. கடைசி வரி வரைக்கும் வாசிச்சாச்சு" என்று அனுப்பி வைத்தார். அவர் இன்று இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார். சிரிப்பவர்கள் மெல்லச் சிரிக்க வேண்டுகிறோம்.

தாங்கள் பலகையை நம்பவில்லை; தங்கள் வழக்கப்படி ஜன்னலைச் சாத்தினீர்கள். நடத்துனர் ஊர்ப்பெயர் கூவும் குரல் உள்ளே வராதிருக்கவே அந்த ஏற்பாடு என்பது எங்களுக்குத் தெரியும்; அவளுக்குத் தெரியாது. பிறகு நடந்த உரையாடல் இது:

"மக்கா, கண்ணாடி வழியா பாரு. அந்தா நிக்கிற பஸ்ஸு எங்க போவுது?"

"கீரிப்பாறைக்கு, டாக்டரம்மா."

"எழுத்து தெரியுதா?"

"நல்லா தெரியுது."

"அப்பிடியா! அது மண்டைக்காட்டுக்குப் போற பஸ்ஸாக்கும். இன்னைக்கு அங்க அம்மன் கொடைத் திருவிழா. ஸ்பெஷல் வண்டி விட்டிருக்கு. ஒனக்க ஊர் பஸ்ஸு இன்னும் வரல்ல."

அவள் தலை குனிந்தாள். "இந்த நேரத்துக்கு எங்க பஸ்ஸுதான் வரும்," என்றாள், மெல்லிய குரலில்.

தாங்கள் சினக்கவில்லை. நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டு அமர்ந்து, "ஏட்டி, நீ கண்ணால வாசிக்கல்ல. காதால வாசிக்க. நல்ல காதுதான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா எனக்க சோலி கண்ணுல்லா?" என்றீர்கள். அதன் பிறகே அவள் அழுதாள். கண் சரியில்லை என்று தெரிந்தால் சபைக் கோயிலில் வாசிக்க விடமாட்டார்கள் என்ற பயம் ஒன்றே அவளை இத்தனை நாள் பொய்யில் நிறுத்தியிருந்தது. "திரும்பவும் வாசிக்க முடியுமா?" என்று கேட்டாள். "முடியும்னு இப்பம் சொன்னா அது பொய். முயற்சி பண்ணுவோம். ஆனா ஒண்ணு. இனி தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு, தெரியல்லேன்னா தெரியல்லேன்னு சொல்லு. அதுதான் எனக்கு அளவுகோல். மனப்பாடம் பண்ணி வாசிக்கப்பிடாது" என்றீர்கள். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவள் சபையில் வாசிப்பதை அன்றே நிறுத்தினாள். நமது பெஞ்சும் அன்றே தாழ்வாரத்தின் மறுகோடிக்கு இடம்பெயர்ந்தது.

முதலில் ஒளிச்சிகிச்சை நடந்தது. பிறகு காத்திருப்பு. வரும்போதெல்லாம் அவள் கருவிழியின் வண்ணப்படத்தைத் தாங்கள் முந்தைய படத்தோடு ஒட்டிவைத்துப் பார்ப்பீர்கள்; "பஸ்ஸு இன்னும் உருளுது" என்று திருப்பி அனுப்புவீர்கள். ஒருநாள், "நின்னாச்சு" என்றீர்கள்.

வளையம் என்றதும் ரசலையன் அண்ணாச்சிக்கு ஐயம் எழுந்தது. "டாக்டரே, ரிங்கு தங்கத்திலயா, வெள்ளியிலயா? தங்கம்னா இவளுக்க அம்மைக்க மோதிரம் ஒண்ணு கிடக்கு. அதை அழிச்சுச் செய்யலாமா?" என்று, கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்ததை மேசைமேல் அவிழ்த்தே விட்டார். எங்களில் சிலர் சிரிப்பை அடக்க வெளியே ஓடினோம். தாங்கள் ஓடவில்லை, சிரிக்கவுமில்லை. "அந்த மோதிரம் இவளுக்க கல்யாணத்துக்கு இருக்கட்டு அண்ணாச்சி. இது நகம் வெட்டினா விழுத துணுக்கு மாதிரி இருக்கும். அரை வட்டம். கண்ணாடி மாதிரி தெளிவு. வெளிய யாருக்கும் தெரியாது" என்று அம்முடிச்சைத் தாங்களே திரும்பக் கட்டிக் கொடுத்தீர்கள்.

"கண்ணை வெட்டித்தானே வைக்கணும்?" என்றார் அவர்.

"நீங்க மரத்தில பட்டையை வெட்டுவீங்க. தடியைத் தொடுவீங்களா?"

"தொட்டா மரத்துக்குக் காயமாயிரும். பொறவு பட்டை முண்டு முண்டாத்தான் வரும்."

"இங்கயும் அதே கணக்கு. கருவிழிக்க கனத்துக்குள்ளயே ஒரு வழி வெட்டணும். அடி வரைக்கும் போவப்பிடாது."

"கை பிசகினா?"

அவை அமைதியாய்க் கேட்க வேண்டிய மறுமொழி இது. "பிசகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணாச்சி. ஜாக்கிரதையாச் செய்வேன். ஒத்துக்கல்லேன்னா வளையத்தைத் திரும்ப எடுக்கலாம். அதுவும் போராதுன்னா, கருவிழி மாத்துத ஆபரேஷன் இருக்கு. வளையம் வச்சாலும் கண்ணாடி போவாது, கண்ணாடி போட்டா எழுத்து தெரியணும், அதுதான் நம்ம ஆசை. எல்லாத்தையும் சொல்லியாச்சு. வீட்டில பேசிட்டு வாங்க. வரல்லேன்னாலும் எனக்கு வருத்தம் இல்ல."

அவர்கள் வந்தார்கள். வலக்கண்ணுக்கும், மாதங்கள் கழித்து இடக்கண்ணுக்கும் தாங்கள் வளையம் பொருத்தினீர்கள். அரங்கில் தங்கள் கைகள் எவ்வளவு அமைதியாய் இயங்கும் என்பதை வருணிக்க எங்களிடம் சொல் இல்லை. அருகில் நின்றவர்களுக்கும் மூச்சு சீராகிவிடும் என்பதை மட்டும் பதிவு செய்கிறோம். கண்கட்டு அவிழ்த்த மறுநாள் அவளுக்கு எல்லாம் புகைமூட்டமாகவே தெரிந்தது. "தெரியல்ல டாக்டரம்மா" என்று அவள் சொன்னபோது, நாங்கள் முகம் வாடினோம், தாங்களோ, "கொள்ளாம்! உண்மையைச் சொன்னியே" என்று அவள் முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள். "இப்பம் எவனும் வந்து வாசி, வாசின்னு கேக்கப்பிடாது. கண்ணு புது வளையத்துக்குப் பழகட்டு" என்று எங்களையும் விரட்டினீர்கள்.

வாரங்கள் சென்றன. புதுக் கண்ணாடி வந்தது. ஒருநாள் முறைப்படி வந்தவள், தாங்கள் அழைப்பதற்காக ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. யாரும் அவளை எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. திடீரென்று அவள் கூவினாள்: "டாக்டரம்மா! எங்க ஊருக்கு ஒரு கால் போச்சு!"

என்ன விபத்தோ என்று பதறி நாங்கள் ஓடி வந்தோம். எதிரே கீரிப்பாறைப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. அதன் முகப்புப் பலகையில் பெயின்ட் உதிர்ந்தோ, எழுதியவர் மறந்தோ, துணைக்கால் ஒன்று விடுபட்டு, 'கீரிப்பறை' என்று இருந்தது. நாள்தோறும் அந்த நிறுத்தத்தைப் பார்க்கும் எங்களில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. எங்கள் கண் பார்த்தது. எங்கள் மனம் காலைத் தானே போட்டு வாசித்துக்கொண்டது. தாங்கள் ஜன்னலருகே வந்து, பலகையைப் பார்த்து, அவளைப் பார்த்து, மறுபடியும் பலகையைப் பார்த்தீர்கள். பிறகு, "இல்லாத காலைக் காணணும்னா கண்ணு வேணும்" என்றீர்கள். அவ்வளவே. உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். தூசு என்றீர்கள். நாங்கள் நம்பியதாய்க் காட்டிக்கொண்டோம்.

இத்துடன் இக்கதை மங்களமாய் நிறைவுற்றது என்று எழுதிவிட எங்களுக்கும் ஆசைதான். ஆனால் பொய் எழுதலாகாது என்ற நிபந்தனை நினைவிருக்கிறது. கண் தெளிந்த பின்னும் ரெனிஷா சபையில் வாசிக்கச் செல்லவில்லை. பக்கங்கள் புரண்ட அந்த ஓசை அவள் காதிலிருந்து இறங்கவில்லை. மறுபரிசோதனைக்கு வரும்போதெல்லாம் தாங்கள் கேட்பீர்கள்: "கோயில்ல வாசிச்சியா?"

"இல்ல டாக்டரம்மா."

"ஏன் மக்கா?"

"கண்ணு தெரியுது. தைரியம்தான் தெரியல்ல."

"அதுக்கு எனக்க கிட்ட வளையம் இல்லியே" என்று தாங்கள் கைவிரித்ததை நாங்கள் கேட்டிருக்கிறோம். எதற்கும் கைவிரித்தறியாத தாங்கள் கைவிரித்தது அந்த ஒன்றுக்கே. பள்ளி முடித்து, இப்போது நாகர்கோவிலில் கல்லூரி முதலாண்டு படிக்கும் அவள், இன்றுவரை எந்த அவையின் முன்னும் ஒரு தாளையும் எடுத்து வாசித்ததில்லை.

இன்றுவரை என்பது, இந்த மாலைவரை என்று பொருள்படும்.

அம்மையீர்! இம்மடலை வாசிக்கும் குரல் யாருடையது என்பதைத் தாங்கள் முதற்சொல்லிலேயே அறிந்திருப்பீர்கள். அவையோர் அறியும்பொருட்டு மட்டும் சொல்லுகிறோம்: இதைத் தங்கள் முன் நின்று வாசிப்பவர் ரெனிஷா.

இம்மடலை வாசித்துத் தருமாறு நாங்கள் சென்று கேட்டபோது அவள் தலை குனிந்தாள். பயிற்சிக்காக மடலை முன்னதாகவே தருகிறோம் என்றோம். அதைக் கேட்டதும்தான் நிமிர்ந்தாள். "தராதீங்க. தந்தா அது மனசில ஏறிரும். மேடைக்கு வந்த பொறவு கையில தாங்க" என்றாள். அவ்வாறே செய்தோம். இந்த வரியை அவள் இதற்கு முன் கண்டதில்லை. தன் பெயரையும், தந்தை கொண்டுவந்த மோதிரத்தையும் நடுவில் எதிர்கொண்டபோது அவள் குரல் சற்றுத் தடுமாறியிருக்குமானால், அந்தப் பிழை எங்களுடையது. அவளிடமும் தங்களிடமும் மன்னிப்பு வேண்டுகிறோம்.

இனி நாங்கள் முன்னரே ஒப்புக்கொண்ட பிழையைச் சொல்ல வேண்டும். இம்மடலின் இரண்டாம் பத்தியில், மடலின் பெயரிலேயே, 'பா' வர வேண்டிய இடத்தில் 'ப' என்றே அச்சாகியிருக்கிறது. ஒரு துணைக்காலை வேண்டுமென்றே எடுத்திருக்கிறோம். அச்சகத்தார் அதைப் பிழையென்று எண்ணித் திருத்தியே அனுப்பினார். நாங்கள் மறுபடி சென்று காலை எடுக்கச் சொன்னதும், "காசு குடுத்துத் தப்பு அடிக்க வந்த ஆளை இப்பம்தான் பாக்கேன்" என்று வியந்தார். பழகிய சொல், விழாதோறும் கேட்கும் சொல், நல்ல கண்ணுள்ளவர்களும் காலைத் தாமே போட்டுக்கொண்டு கடந்துவிடும் இடம். ரெனிஷா அதைச் சரியாக வாசித்திருந்தால், அவள் பழக்கத்தால் வாசித்தாள். பிழையாக வாசித்திருந்தால், அவள் கண்ணால் வாசித்தாள்.

எது நடந்தது என்பதை இதை எழுதும் வேளையில் நாங்கள் அறியோம். கேட்டுக்கொண்டிருக்கும் தாங்கள் அறிவீர்கள்.

அம்மையீர்! தாங்கள் ஓய்வு பெற்றபின் அந்த ஜன்னலை நேரத்துக்குச் சாத்தவும், நிறுத்தத்துப் பிள்ளைகளை அதட்டவும், ஓடும் பேருந்தில் ஏறாதிருக்கவும் எங்களால் இயன்றவரை முயல்வோம். தாங்கள் நோயற்ற உடலும் நோவற்ற உள்ளமும் பெற்று, நெடுங்காலம், நிறைந்த பார்வையோடு, இனியேனும் சற்று அமைதியாய்த் தேநீர் அருந்தி வாழ வேண்டுமென்று, தாணுமாலயனை வணங்குவோர் அவ்வாறும், ஆண்டவரை வேண்டுவோர் அவ்வாறும், வைகுண்டரை நினைப்போர் அவ்வாறும், ஒரே குரலில் வேண்டிக்கொள்கிறோம்.

இறுதியாய் ஒரு விண்ணப்பம். இம்மடலுக்குச் சட்டம் செய்தாயிற்று. கண்ணாடி மட்டும் இன்னும் பொருத்தவில்லை. தங்கள் மேலங்கிப் பையில் இப்போதும் அந்தப் பேனா இருக்கும் என்பதை நாங்கள் அறிவோம். ரெனிஷா இந்தத் தாளைத் தங்களிடம் கொண்டுவருகிறாள். விடுபட்ட காலைத் தங்கள் கையாலேயே இட்டுத் தந்தருளுங்கள். அதன் பிறகு கண்ணாடி போடுகிறோம்.

என்றும் தங்கள் திருத்தத்திற்குக் காத்திருக்கும்,
கருவிழிச் சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்கள்,
நாகர்கோவில்.